கல்யாணக் களை

“இது உங்க குழந்தையா?” என்று பஸ்ஸில் யாராவது கேட்காத வாரமே கிடையாது. “இல்லைங்க, டிக்கெட்டோட குடுத்தாங்க” என்பேன். என் வாய் அப்படி. கணவர் வேறு நாட்டுக்காரர், என்னைவிடப் பல மடங்கு கறுப்பு. மகள் நிறத்திலும் மூக்கிலும் முடியிலும் அப்பாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள். ஆறு வயது. வீட்டில் அவளைச் சுருளி என்றுதான் கூப்பிடுவோம். கேட்காமல் அவள் முடியைத் தொட்டுப் பார்க்கிறவர்களின் கையைத் தட்டிவிட நான் தயங்கியதே இல்லை.

எனக்குப் பிழைப்பு ஒரு போட்டோ ஸ்டுடியோவில். எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்தி அச்சுக்கு அனுப்ப வேண்டும். யார் படமாக இருந்தாலும் முகத்தை இரண்டு படி வெளுத்துத்தான் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். வாடிக்கையாளர் வாய்விட்டுக் கேட்கவே வேண்டாம். முதலாளி அதற்கென்றே திரையில் ஒரு பொத்தான் வைத்து, ‘கல்யாணக் களை’ என்று பெயரும் சூட்டியிருந்தார். ஒரு தட்டுத் தட்டினால் ஃபோல்டரில் உள்ள அத்தனை முகமும் பளிச்சென்று ஆகிவிடும்.

அந்தச் சனிக்கிழமை, சுருளியின் வகுப்பு அடையாள அட்டைப் படங்கள் என் மேசைக்கு வந்தன. மொத்தம் நாற்பத்திரண்டு. பள்ளி இல்லாததால் அவளும் பக்கத்து ஸ்டூலில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். முதலாளியோடு பேசிக்கொண்டே பொத்தானைத் தட்டினேன். பத்து வருடப் பழக்கம், கை தானாகப் போனது.

அச்சுத் தாளை முதலில் எடுத்தவள் அவள்தான். தன் படத்தைத் தேட அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“இதுல நான் வேற கலரா இருக்கேன்.”

“மெஷின் பண்ணிடுச்சு, கண்ணு.”

“நீதானே தட்டுன? நான் பாத்தேன்.” அவள் அழவில்லை. “உனக்கும் என் கலர் பிடிக்கலையாம்மா?”

அவள் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். அவமானமாக இருந்தது. பள்ளியில் யார் யாரோ அவளிடம் என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள், அந்த வரிசையில் இப்போது நானும் நிற்கிறேன்.

“பிடிக்கும்டி. ரொம்பப் பிடிக்கும். மெஷின் இல்ல, நான்தான் யோசிக்காம தட்டிட்டேன். தப்பு என்னோடது.”

நாற்பத்திரண்டு படங்களையும் வெளுக்காமல், எடுத்தபடியே திரும்ப அச்செடுத்தேன். முதலாளி தலையில் கை வைத்தார்.

“ஏம்மா, எல்லாத்தையுமா? பெத்தவங்க சண்டைக்கு வருவாங்க.”

“வரட்டும் சார். நானும் பெத்தவதான்.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே தாள்களை உறையில் போட்டார்.

சாயங்காலம் கணவர் வேலை முடிந்து வந்ததும், இரண்டு படங்களையும் அவர் முன்னால் வைத்து, நான் செய்ததை ஒளிக்காமல் சொன்னேன். உள்ளறையில் சுருளி தூங்கிக்கொண்டிருந்தாள். வெளுத்த படத்தைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

“யாரு வீட்டுப் பொண்ணு இது?” என்றார். அவருக்கு இதெல்லாம் பழகிப்போனது. “சரி விடு. அவ என்ன சொன்னா?”

“அப்பாகிட்ட இதைக் காட்டாதேன்னா. நீங்க அழுவீங்களாம்.”

அவர் சிரிப்பு நின்றது. படத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, மகள் படுத்திருந்த அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார்.