சுவிட்சில் தொங்கிய அட்டை

ஞானஸ்நானத் தொட்டியில் இடுப்பளவுத் தண்ணீர்தான். அதற்கே லிஃப்ட் மெக்கானிக் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இருபது வருடமாகப் பத்து மாடிப் பள்ளத்துக்கு மேல் தொங்கி வேலை பார்த்த மனுஷன். முன்வரிசையில் அவருடைய தங்கை, அண்ணன் துவட்டிக்கொள்ளத் துண்டையும் அவருடைய வேதாகமத்தையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வருடத்தில் ஆளே மாறிவிட்டார் என்று சபையில் எல்லோருக்கும் பெருமை. சிகரெட்டை விட்டார், கெட்ட வார்த்தையை விட்டார், சனிக்கிழமை தவறாமல் வந்து பெஞ்சு துடைத்தார். உபவாசம் என்றால் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. கர்த்தர் கேட்காததையெல்லாம் இவர் வாரி வாரிக் கொடுத்தார். கர்த்தர் கேட்டது ஒன்றே ஒன்று. முழங்காலில் நின்றால் போதும், உள்ளுக்குள் அதே பேச்சு: போய்த் தங்கச்சிகிட்ட சொல்லு. அதை மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

விஷயம் இதுதான். அவரும் தங்கையின் கணவரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவர் மோட்டார் அறையில் சுவிட்சை அணைத்து, அதில் தன் சிவப்பு அட்டையை மாட்டிவிட்டு இறங்க வேண்டும். மாட்டியவர்தான் கழற்றலாம். மூன்று வருடத்துக்கு முன்னால் அன்றைக்கும் மச்சான் மாட்டித்தான் இறங்கினார். மாடியில் ஆட்கள் கத்துகிறார்கள் என்று, மச்சான் டீ குடிக்கப் போயிருப்பார் என்று தானாகவே நினைத்துக்கொண்டு, அட்டையைக் கழற்றிச் சுவிட்சைப் போட்டவர் இவர். லிஃப்ட் இறங்கி மச்சான் குழிக்குள்ளேயே நசுங்கிச் செத்தார். விசாரணையில் வாய் கூசாமல் சொன்னார்: "அட்டையே மாட்டல சார். காலையிலயே கொஞ்சம் போட்டிருந்தாரு."

செத்தவர் எழுந்துவந்து மறுக்கவா போகிறார்? தங்கையின் மகள், பெற்றோரின் கல்யாணப் போட்டோவில் அப்பாவின் முகத்தை மட்டும் கத்தரித்து எறிந்தாள். "அவரு குடிக்கிறதே எனக்குத் தெரியலயேண்ணே" என்று தங்கை இவரிடமே வந்து அழுதாள். இவரும் ஆறுதல் சொன்னார். கேட்கிறவருக்கு வயிறு எரியும்.

ஒருநாள் போதகரிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தார். "நம்பினா போதும்தானே பாஸ்டர்? பாவமெல்லாம் போயிருச்சுல்ல?"

"போயிருச்சு. ஆனா அவரை நம்புறவன் அவர் பேச்சைக் கேப்பான்."

முதல் வார்த்தையை மட்டும் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போனார்.

இப்போது போதகர் அவருடைய முதுகில் கை வைத்தார். "இயேசுவை ரட்சகரா நம்புறீங்களா?"

"நம்புறேன்." கூடமே கேட்டது.

"அவர் சொல்றதுக்குக் கீழ்ப்படிவீங்களா?"

அவர் தங்கையின் மடியிலிருந்த வேதாகமத்தைப் பார்த்தார். "சொல்லுண்ணே" என்று தங்கை சிரித்தபடி வாயசைத்தாள்.

அவர் போதகரின் கையை விலக்கிவிட்டுப் படியேறினார். சொட்டச் சொட்டத் தங்கையின் முன் நின்றார்.

"வேதாகமத்தைத் தொறம்மா. கடைசிப் பக்கம்."

உள்ளே சிவப்பு அட்டை. மச்சானின் கையெழுத்து, அவர் செத்த தேதி, கீழே இரண்டே வரி: குழிக்குள் ஆள். தொடாதே.

"மாட்டியிருந்தாரு. நான்தான் கழட்டினேன். அவரு குடிக்கவே இல்லம்மா."

தங்கை அந்த எழுத்தை விரலால் தடவினாள். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நம்பியிருந்தார் அவர். அது தங்கையின் முகத்தில் ஏறியதைத்தான் கண்டார். அந்த நிமிடமே செத்துப்போகலாம் போலிருந்தது.

"மூணு வருஷமா என் கையால சாப்பிட்டியேண்ணே" என்றாள். பிறகு எழுந்தாள். "அப்பன் மூஞ்சிய வெட்டி எறிஞ்சவ வீட்ல இருக்கா. அவகிட்ட நீயே வந்து சொல்லு."

"முழுக்கு முடிச்சிட்டுப் போகட்டும்மா, ஒரு நிமிஷம்" என்றார் போதகர்.

அவர் தொட்டியை ஒரு தரம் ஆசையோடு பார்த்தார். பிறகு ஈர உடையோடு தங்கையின் பின்னால் தெருவில் இறங்கி நடந்தார். துண்டு அவள் கையிலேயே இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.