அப்பா பேரு எரியுது

எங்க அக்காவுக்கு வந்துக்கிட்டிருந்த கவர்மென்ட் பணத்த நிப்பாட்டுனது வேற யாருமில்ல, நான்தான். நல்லது செய்யப் போனேன். அது எனக்கு ஒரு வியாதி.

எம் பேரு தங்கச்சாமி. ஸ்ரீவில்லிபுத்தூர்ல சைக்கிள் கடை. அக்கா இசக்கியம்மாள் மடவார் வளாகத்துல குடியிருந்தா. அவ வீட்டுக்காரர் வைகுண்டராஜ் ராஜபாளையத்துல மில்லு ஃபிட்டர். எம்பத்தி நாலுல, மக பேச்சிக்கு அஞ்சு வயசா இருக்கும்போது, ஷிப்டுக்குப் போறேன்னு போன மனுசன். ரொம்ப நீளமான ஷிப்டு. அங்கனயே ஜெயபாய்னு ஒரு அம்மாகூட குடித்தனம் ஆரம்பிச்சுட்டாரு.

புருசன் விட்டுட்டுப் போனவங்களுக்குக் கவர்மென்ட் குடுக்குற உதவித்தொகை, மாசம் எழுபத்தஞ்சு ரூவா, அக்காவுக்கு மணியார்டர்ல வரும். அதுவும் வீட்ல தீப்பெட்டி ஒட்டுற கூலியும் சேந்துதான் பேச்சி பள்ளிக்கூடம் போனா. இல்லேன்னா அவளும் விடியக்காலம் கூலி வேலைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேன்ல ஏற வேண்டியதுதான். வேன் ஏஜென்ட்டு வாரம் ஒருக்க வந்து, “புள்ள நல்லா வளந்துட்டாளே”ன்னு கண்ணாலயே அளவெடுத்துட்டுப் போவான்.

தொண்ணூத்தி ரெண்டுல நான் வாய வச்சேன். “யக்கா, பெத்த புள்ளைக்குச் சோறு போட மச்சானுக்குப் பொறுப்பு இல்லையா? கேஸ் போடு.”

போட்டோம். பேச்சிக்கு மாசம் அறுவது ரூவா ஜீவனாம்சம் குடுக்கணும்னு ஆர்டர் ஆச்சு. பஞ்சர் ஒட்ட வந்தவனுக்கெல்லாம் நான் மிட்டாய் குடுத்தேன்.

மச்சான் ஒத்தப் பைசா அனுப்பல. ஆனா ஆர்டரு மட்டும் போக வேண்டிய எடத்துக்கு ஒழுங்கா போயிருச்சு. உதவித்தொகை ஆபீஸ்ல கிளார்க் ரத்தினம் சார் ஃபைலத் தெறந்தாரு.

“ஒனக்குத்தான் ஜீவனாம்சம் வருதேம்மா. பொறவு எப்படி நீ ஆதரவில்லாதவ?”

“வரலையே சார்.”

“ஆர்டர் வந்துருக்குல்ல?”

“ஆர்டர ஒலையில போட்டா சோறாகுமா சார்? அதுவும் புள்ளைக்குத்தான போட்டுருக்கு, எனக்கில்லையே.”

“புள்ள பேருக்கு வந்தாலும் ஒம் பானையிலதான வேகுது.”

அம்புட்டுதான். அடுத்த மாசத்துலருந்து மணியார்டர் நின்னுருச்சு.

சரின்னு கோர்ட்டுக்கு ஓடுனோம். அங்க மச்சான் ஒரு மனு குடுத்திருந்தாரு. தொண்ணூத்தி ஒண்ணுலயே மில்லு வேலை போயிருச்சாம், கையில காசில்லையாம், அவளுக்குத்தான் கவர்மென்ட் குடுக்குதே, எங்கிட்ட எதுக்குன்னு. ஆபீசு மச்சானக் கையக் காட்டுச்சு, மச்சான் ஆபீசக் கையக் காட்டுனாரு. ஒருத்தர் மேல ஒருத்தருக்கு அம்புட்டு நம்பிக்கை.

ஏஜென்ட்டு வாரம் ரெண்டு தடவை வர ஆரம்பிச்சான். “ஆடி வரைக்கும் பாப்பேன். பொறவு வேன்தான்”னா அக்கா. பேச்சி ஒம்பதாங் கிளாஸ் புஸ்தகத்த மூடாமலே ஒக்காந்திருந்தா.

அந்த ஆடியில ராஜபாளையத்துல ஒரு சின்ன அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊத்த ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போனேன். அக்கா கண்ண மூடிக் கும்பிட்டுக்கிட்டிருந்தா. பேச்சி மேல பாத்துக்கிட்டு நின்னா.

“மாமா, அப்பா பேரு எரியுது.”

டியூப்லைட்டு. “உபயம்: சு. வைகுண்டராஜ், மில் ஃபிட்டர், ஜெயபாய் குடும்பத்தார், 1993.” வெளிச்சம் வர எடமில்லாம தடிப்பா பெயிண்டு. அம்மனுக்கு வெளிச்சம் குடுத்தாரோ என்னமோ, எங்களுக்குக் குடுத்தாரு.

“ஏட்டி, இன்னொருக்க வாசி”ன்னா அக்கா. அவளுக்கு எழுத்து தெரியாது. பேச்சி வாசிச்சா. ‘குடும்பத்தார்’னு வந்த எடத்துல அக்கா கும்பிட்ட கைய எறக்குனா.

பூசாரிட்ட வெவரம் சொன்னோம். “வேற லைட்டு மாட்டிட்டு இதக் கொண்டு போங்க”ன்னாரு. மாட்டுனேன், எஞ் செலவுல. பழசச் சேலையில சுத்தி பஸ்சுல தூக்கிட்டு வந்தோம். கண்டக்டர் அதுக்கும் லக்கேஜ் டிக்கெட் கிழிச்சாரு.

கோர்ட்டுல நீதிபதி ஐயா லைட்டத் திருப்பித் திருப்பி வாசிச்சாரு. “இது உம்ம பேருதான? தொண்ணூத்தி ஒண்ணுல வேலை போனவரு தொண்ணூத்தி மூணுல எப்படி மில் ஃபிட்டரு?”

“அது வேற வைகுண்டராஜ் ஐயா. ராஜபாளையத்துல அந்தப் பேருல ஏகப்பட்ட பேரு இருக்காக.”

அப்ப பின்னாலருந்து ஒரு சத்தம். ஜெயபாய். “யாத்தே, இது எங்க லைட்டுல்லா! இவரு போனஸ்ல வாங்கி மாட்டுனது! களவாண்டுட்டு வந்துட்டாளா?”

மச்சான் திரும்பிப் பாத்த பார்வை இருக்கே, அதுக்காகவே இன்னும் ரெண்டு லைட்டு வாங்கி மாட்டலாம்.

சம்பளத்துலயே அறுவது ரூவா பிடிச்சு அனுப்பணும்னு மில்லுக்கு ஆர்டர் போச்சு. மாசாமாசம் டாண்ணு வந்துச்சு. நின்ன உதவித்தொகையையும் கேட்டுப் பாப்போம்னு ரத்தினம் சார்ட்ட போனோம்.

“அப்ப வராமலே நிப்பாட்டுனீங்க சார்”னா அக்கா.

“இப்பத்தான் நெசமாவே வருதே. சந்தோசம்தான?”

“அவரு அறுவது குடுக்காரு, நீங்க எழுபத்தஞ்ச நிப்பாட்டுதீக. கேஸ்ல ஜெயிச்சதுக்கு எனக்குப் பதினஞ்சு ரூவா அபராதமா?”

ரத்தினம் சார் ஃபைலக் கட்டிக்கிட்டே, “கேஸ் போடச் சொன்னது யாரு?”ன்னாரு. நான் ஃபேனப் பாத்தேன்.

சேதி எப்படியோ ஏஜென்ட்டு காதுக்குப் போயிருச்சு. “பதினஞ்சு ரூவா துண்டு விழுதாம்ல யக்கா? புள்ளைய அனுப்பு, சரியாப்போகும்.”

“இந்த வீட்ல எழுத்து தெரிஞ்சவ இவ ஒருத்திதான்”னா அக்கா. “இவளையும் ஏத்திட்டா அடுத்த லைட்ட ஒங்கப்பனா வந்து வாசிப்பான்? போலே.”

அவனுக்கு ஒண்ணும் வெளங்கல. வேன் போயிருச்சு. பேச்சி பள்ளிக்கூடம் போனா.

அந்தப் பதினஞ்சு ரூவாய இப்ப மாசாமாசம் நான் குடுக்கேன். தயவுசெஞ்சு ஆபீஸ்ல யாரும் போய்ச் சொல்லிராதீங்க. அதையும் வருமானம்னு எழுதிருவாக.