நிமிஷத்துக்குப் பதினாறு

தாட்சாயிணி படித்தது எம்.இ., பொருள் வடிவமைப்புப் பொறியியல். 1993-இல் அப்படி ஒரு படிப்பு இருப்பதே ஆவடி குவார்ட்டர்ஸில் பாதிப் பேருக்குத் தெரியாது. "முடிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் ஓய்ந்துபோயிருந்தது. பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அப்பா வரதன் மட்டும், "மெஷினை மனுஷனுக்குத் தக்கபடி மாத்துற படிப்பு" என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வார். பாவம், அவர் நம்பினார். அவளும்தான் நம்பினாள்.

கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில், தகட்டை அடித்து டப்பா மூடி செய்யும் பரந்தாமன் என்பவரின் பிரஸ் ஷாப் கிடைத்தது. பன்னிரண்டு பெண்கள் வேலை செய்தார்கள். தகட்டைக் கையால் டை என்னும் இரும்பு அச்சுக்கு அடியில் வைத்துக் காலால் பெடலை மிதிக்க வேண்டும். மேல் டை இறங்கி மூடியாக அடித்துத் தரும். கையை எடுக்க ஒரு நொடி பிந்தினால் விரல் போச்சு. பார்வதம் என்பவளுக்கு இரண்டு விரல் போயிருந்தது. அவளை பேக்கிங்கில் உட்கார வைத்திருந்ததையே பெரிய தர்மம் செய்ததுபோல் முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார்.

தாட்சாயிணி ஒரு நகரும் தட்டை வடிவமைத்தாள். தகட்டை அதில் வைத்துத் தள்ளினால் போதும், கை டைக்கு அடியில் போகவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் அவளுமாக உட்கார்ந்து அரத்தால் ராவி, அலுமினியத்தில் ஒரு மாதிரி செய்து முடித்தார்கள். பிறகு ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு போய் எண்ணினாள். பழைய முறையில் நிமிஷத்துக்குப் பத்து மூடி. தட்டு வைத்தும் பத்து.

"ரெண்டும் ஒண்ணுன்னா எந்த முதலாளிம்மா இதைச் செய்வான்?" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர் உலகநாதன். "விரல் உனக்குப் பெரிசு, அவனுக்கு எண்ணிக்கைதான் பெரிசு. எண்ணிக்கையைக் கொண்டா."

அன்று சாயங்காலம் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் எல்லம்மாவிடம் அழாத குறையாகச் சொன்னாள். எல்லம்மாதான் அந்த ஷாப்பிலேயே வேகமான கை. ஆவடிக்குப் பக்கத்து முத்தாபுதுப்பேட்டைக்காரி என்பதால் இருவரும் ஆவடி வரைக்கும் ஒரே ரயிலில் போவார்கள். இரண்டு மாதத்தில் டிபன் பாக்ஸைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளும் அளவுக்குப் பழக்கம்.

"அய்ய, இதுக்கா அழுவுறே?" என்று எல்லம்மா சிரித்தாள். "கடியாரத்தைப் பாத்தாலே எங்க கை தானா மெள்ளப் போவும், கண்ணு. முன்ன ஒருத்தன் அத்த எட்துகினு வந்தான். மறுமாசமே எட்டு அடிச்சது பத்துன்னு ஆயிடுச்சி. நெசமா அடிச்சா பதினாறு வரும்."

"பதினாறா? அப்போ மிச்சம் எங்கக்கா போகுது?"

"பொட்டிக்கு அடியில ஒளிச்சி வெப்போம். சாமுண்டீஸ்வரி மாசமா கீறா, அவளால முடியாது. அவ பொட்டில போடுவோம். எவளுக்காச்சும் வயித்து நோவுன்னா அவ பொட்டில போடுவோம். மத்த நேரம் கையி மரத்துப்போவாம கொஞ்சம் உக்காருவோம். இது உன் காதோட இருக்கணும், இன்னா?"

மறுநாள் சூப்பர்வைசர் சாப்பிடப் போன நேரத்தில், அவளுக்காகவே எல்லம்மா தன் நிஜ வேகத்தைக் காட்டினாள். வெறுங்கையில் பதினாறு. தட்டு வைத்துப் பதினேழு. தாட்சாயிணிக்குத் தலைகால் புரியவில்லை. பாதுகாப்பும் உண்டு, ஒன்று கூடவும் வருகிறது! இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த எண்களை அப்படியே ஆய்வேட்டில் போட்டாள். எல்லம்மாவின் பெயரைப் போடவில்லை, 'பணியாளர் 1' என்றுதான் எழுதினாள். அதிலேயே தன் நாணயம் காப்பாற்றப்பட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டாள். படித்தவர்களுக்கு மனசாட்சியைச் சமாதானம் செய்ய இவ்வளவு போதும். பெயரை மறைத்தால் என்ன, அந்த ஷாப்பில் இருந்ததே பன்னிரண்டு பேர். பதினேழைப் பார்த்தால் முதலாளி தட்டைச் செய்துவிடுவார் என்று கணக்குப் போட்டாள். கல்லூரி விதிப்படி ஒரு பிரதி கம்பெனிக்குப் போயிற்று.

முதலாளி பதினேழைப் பார்க்கவில்லை. அதற்கு மேல் வரியில் இருந்த பதினாறைப் பார்த்தார். ஒன்றாம் தேதியிலிருந்து ஒவ்வொருத்தியும் நாள் முழுக்க நிமிஷத்துக்குப் பதினாறு அடிக்க வேண்டும் என்று பலகையில் எழுதி மாட்டினார்.

விஷயம் காதில் விழுந்ததும் தாட்சாயிணி ஓடினாள்.

"டார்கெட் நானா போட்டேன்? நாப்பத்திமூணாம் பக்கத்துல நீ போட்டதும்மா," என்றார் பரந்தாமன், உண்மையான மரியாதையோடு. "தட்டு நல்ல ஐடியாதான். அடுத்த வருஷம் பாக்கலாம். இந்தா, காலேஜுக்கு லெட்டர்." அவள் ஆய்வினால் உற்பத்தி அறுபது சதவீதம் உயரப்போகிறது என்று அதில் இருந்தது. அதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். "உங்கள் வடிவமைப்பால் கம்பெனிக்குப் பலன் கிடைத்ததா?"

தட்டையே செய்யவில்லை சார் என்று சொல்ல வேண்டும். என்னை நம்பிச் சொன்ன எண்ணை நான் வெளியில் விட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஆய்வு அரைகுறை, இன்னும் ஆறு மாதம். பக்கத்தில் உலகநாதன் கண்ணாலேயே மிரட்டினார். குவார்ட்டர்ஸில் அப்பா லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"கிடைத்தது சார்," என்றாள்.

வகுப்பிலேயே அதிக மதிப்பெண். எல்லோரும் கை தட்டினார்கள்.

அன்று சாயங்காலம் பட்டரவாக்கத்தில் போய் நின்றாள். ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் அவளைப் பார்த்ததும் பிளாட்பாரத்தின் மறுகோடிக்கு நடந்தார்கள். சாமுண்டீஸ்வரி அந்தக் கூட்டத்தில் இல்லை; வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். எல்லம்மா மட்டும் நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது.

"அக்கா, முதலாளி தட்டு செஞ்சு தருவார்னுதான் நான்..."

"பாஸ் ஆயிட்டியா?"

தாட்சாயிணி தலையை மட்டும் ஆட்டினாள்.

எல்லம்மா திட்டவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் அவள் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். விரல்கள் வீங்கி மரத்துப்போயிருந்தன.

"நல்லா பாத்துக்கோ, பத்தும் கீது. எத்தினி நாளைக்கி இருக்கும்னு அத்தையும் எண்ணி உன் புக்குல போட்டுக்கோ."