காளியண்ணனைக் கரைத்த இடம்

1

இந்தக் கதை எனக்குக் கோலசிலாங்கூர் பக்கத்து ஈஜோக்கில் ஒரு கருமாதி வீட்டில் கிடைத்தது. சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில் ஓர் அம்மாள் என்னை நிறுத்தினார். "நீங்க கதை எழுதுறவருதானே? மெட்ராஸ்ல சாம்பல் கரைக்கிற எடம் எது?" என்று கேட்டார். நான் கடல் தாண்டி அந்த ஊருக்குப் போனதே இல்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். விசாரிக்க விசாரிக்கக் குழப்பம்தான் கூடியது. ஆகவே எழுதுகிறேன். கையாலாகாதவனுக்கு வேறென்ன வழி?

அவருக்கு லீலாவதி என்று பெயர் வைக்கிறேன். புக்கிட் பெருந்துங்கில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் வேலை. (கதைக்குள் 'அவள்' என்றுதான் வரும். கோபித்துக்கொள்ள மாட்டார் என்று ஒரு தைரியம்.)

2

முதல் தொடக்கம்: விமானம் மேலேறியபோது லீலாவதி ஜன்னல் வழியாக—

அடித்துவிட்டேன். இன்னும் டிக்கெட்டே போடவில்லை, அதற்குள் என்ன விமானம்?

இரண்டாம் தொடக்கம்: கடல் எல்லாத் துயரங்களையும்—

சே. கடலைப் பற்றி இப்படி ஆரம்பிக்கிறவனை நம்பவே கூடாது.

மூன்றாவது, உள்ளது உள்ளபடி: லீலாவதியின் மகள் மாதவி ராவாங்கில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அப்பாவின் முதல் வருடத் திவசம் சனிக்கிழமையில் விழுந்தது. அவளுக்கு வேறு லீவு கிடையாது. வெள்ளி சாயங்காலம் விமானம், சனிக்கிழமை கடற்கரையில் படையல், ஞாயிறு திரும்பிவிடலாம் என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கைப்பேசியில் திட்டம் போட்டாள். விமானம் பார்த்தாயிற்று. ஹோட்டல் எங்கே எடுப்பது என்று பார்க்கும்போதுதான் கேட்டாள்.

"அம்மா, எந்த பீச்சுமா?"

"கடல்னு போடு லா."

"அந்த ஊரு கடலு இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் போகுதும்மா. எத்தனயோ பீச்சு இருக்கு. அப்பாவ எங்க கரைச்சாங்க?"

லீலாவதி ரசத்தை இறக்கி வைத்தாள். அந்தக் கேள்வி இந்த ஒரு வருடத்தில் ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றியதில்லை.*

* அவளைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் பக்கத்தில் இது ஒரு கேள்வியே இல்லை. யார் செத்தாலும் பாசிர் பெனம்பாங் படகுத்துறைக்குப் போவோம், ஒரு சீனர் படகை எடுப்பார், ஆறு கடலில் சேரும் இடத்தில் எஞ்சினை நிறுத்துவார். எங்கள் சனம் முழுக்க அங்கேதான் கரைந்தது. 'கடல்ல கரைச்சாச்சு' என்று ஒருவர் சொன்னால் எங்கே என்று இங்கு எவரும் கேட்பதில்லை. கேட்டால் பைத்தியம் என்பார்கள்.

3

காளியண்ணன், அவள் புருஷன், இதய வைத்தியத்துக்கு மெட்ராஸ் போனார். கூடத் தம்பி சிவநேசன் போனார். ரெண்டு பேர் போதும், நீ எதற்கு அலைகிறாய் என்று லீலாவதியை நிறுத்தியது காளியண்ணன்தான். அவளிடம் பாஸ்போர்ட்டும் இல்லை. ஆபரேஷன் முடிந்து காளியண்ணன் கண் விழிக்கவே இல்லை. உடலைக் கொண்டுவருவது பெரும் பாடு என்றார்கள். அங்கேயே முடித்துவிடுங்கள் என்று போனில் சொன்னது அவள்தான். அந்த வார்த்தையைச் சொன்ன வாயை இன்றைக்கும் அவளுக்குப் பிடிக்காது.

சிவநேசன் அண்ணனின் துணிப்பையோடு திரும்பி வந்தார். "கடல்ல கரைச்சிட்டேன் அண்ணி," என்றார். அவள் தலையசைத்தாள். அவள் மனக்கண்ணில் பாசிர் பெனம்பாங்தான் வந்தது.

பிறகு சிவநேசனுக்குப் பக்கவாதம் வந்தது. கால் கொஞ்சம் தேறியது, பேச்சும் எழுத்தும் வரவில்லை.

4

இந்த இடத்தை எழுதத்தான் எனக்குத் தயக்கம்.

அம்மாவும் மகளும் சிவநேசன் வீட்டுக்குப் போகிறார்கள். மாதவி கைப்பேசியில் ஒவ்வொரு கடற்கரையாகப் படம் காட்டுகிறாள். மெரினா. சிவநேசன் தலையாட்டினார். லீலாவதிக்கு உயிர் வந்தது. ஒரு பேச்சுக்கு அடுத்ததையும் காட்டினாள் மாதவி: பெசன்ட் நகர். அதற்கும் தலையாட்டினார். திருவான்மியூர், காசிமேடு, எண்ணூர். எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம். கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டே இருந்தது. பழகாத ஊர், எந்தக் கரை என்று அவருக்கும் தெரியவில்லை, பாவம், ஆனால் அண்ணியிடம் இல்லை என்று சொல்ல மனசில்லை.

"போதும்டி, மூடு," என்று லீலாவதி கைப்பேசியை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். கொழுந்தனின் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

[நான் நினைத்தால் ஒரே வரியில் சிவநேசனைப் பேசவைத்துவிடலாம். எழுதியும் பார்த்தேன்: "சிவநேசன் திக்கித் திக்கி, 'பெச—'" என்று. ஆனால் அந்த மனிதர் நிஜமாகவே நாற்காலியில் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறார். கதையில் மட்டும் அவருக்கு வாய் கொடுப்பது அக்கிரமம்.]

5

சரி, முடிவு. முதலில் எனக்குத் தோன்றியது சுலபமான முடிவு: டிக்கெட் வேண்டாம், பாசிர் பெனம்பாங்கிலேயே படகெடுத்துப் பூப் போட்டுவிட்டு வரட்டும், தண்ணீர் எல்லாம் ஒன்றுதானே. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. பெருமையாக அந்த அம்மாளுக்குப் போன் செய்து சொன்னேன்.

 அவர் சொன்னார்: "எல்லாக் கடலும் ஒண்ணுதான்னா, அவரு எங்கயும் இல்லன்னு ஆயிரும்லா, தம்பி."

அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன்.

அடுத்த முடிவில் அவள் கரையோரமாக நடந்துகொண்டே போய் ஓர் இடத்தில் சட்டென்று நின்று, இங்கேதான் என்று உணர்கிறாள். பொய். முட்டி வலிக்காரி, அவ்வளவு தூரம் நடக்க மாட்டாள். இறந்தவர்கள் அப்படி யாரையும் கூப்பிட்டு நிறுத்துவதும் இல்லை.

6

ஆகவே சனிக்கிழமை காலை. பாஸ்போர்ட் எடுத்து, டிக்கெட் போட்டு, போய் இறங்கி, ஹோட்டல் வாசலில் டாக்சி ஏறியாகிவிட்டது. லீலாவதியின் மடியில் பூ, வாழை இலை, காளியண்ணனுக்குப் பிடித்த, பால் சேர்க்காத கோப்பி ஓ ஒரு பிளாஸ்கில். அந்தத் தூளை இங்கிருந்தே கட்டிக்கொண்டு போனாள். இத்தனை நாள் அவர் அந்நிய மண்ணில் தனியாகக் கிடந்தார், வாய்க்கு ருசியாக ஒன்றாவது கொடுக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். ஓட்டுநர் திரும்பிக் கேட்கிறார்:

"எந்த பீச்சுக்கும்மா?"

மாதவி அம்மாவைப் பார்க்கிறாள். அம்மா என்னைப் பார்க்கிறாள். நான் கோலசிலாங்கூரில் உட்கார்ந்துகொண்டு விழிக்கிறேன்.

நீங்கள் அந்த ஊர்க்காரராக இருந்தால் ஒரு பெயரைச் சொல்லுங்கள். சரியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் குரலில் சந்தேகம் இல்லாமல் சொல்லுங்கள், அவள் நம்ப வேண்டும். கோப்பி ஆறிக்கொண்டிருக்கிறது.