நெரெய்தாவின் வயிறும் மூவர் குழுவும்

இருபது வருஷமாக நெரெய்தா ஊரார் கல்யாணங்களைப் படமெடுத்து, கேட்ட பெண்ணுக்கெல்லாம் இடுப்பை ஒல்லியாக்கிக் கொடுத்தவள். ஒரு வயிறாவது உள்ளபடி சுவரில் தொங்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதனால் தன் வயிற்றையே எடுத்தாள். சமையலறை, பின்னால் ஃபிரிட்ஜ், சுருட்டிப் பிடித்த சட்டை, இரண்டு பிரசவ அறுவையின் தழும்பு, மடிப்புகள். அவ்வளவுதான்.

எங்கள் சான் அந்தோனியோ மேற்குப் பக்கத்துக் கலை மையம் ‘சிகானா உடல்’ என்று, மெக்சிகோ வழிவந்த எங்களைப் போன்ற அமெரிக்கப் பெண்களைப் பற்றிக் கண்காட்சி அறிவித்ததும் அதைக் கொண்டுபோனாள். அவள் மகளுக்கு நான் ஞானத்தாய், அந்த உறவில் என்னை ‘கொமாத்ரே’ என்பாள்; கூடப் போனேன்.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். தலைவர் டாக்டர் லுஹான். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. எங்கள் அடையாளச் சிதைவைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதிப் பட்டம் வாங்கியவர்.

“வயிறு இருக்கு. கலாச்சாரம் எங்கம்மா?” என்றார்.

“என் வயிறு டாக்டர். நான் எந்த ஊரோ அதுவும் அதே ஊர்தான்.”

“பாக்குறவனுக்கு எப்படித் தெரியும்? வெள்ளைக்காரி வயிறும் இப்படித்தானே இருக்கும்?”

“நீங்க எத்தன பாத்திருக்கீங்க?” என்று நான் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

மறுபடி எடுத்தால்தான் இடம் என்று தீர்ப்பானது. உதவி செய்ய மூவரும் சனிக்கிழமை அவள் சமையலறைக்கே வந்துவிட்டார்கள். சுலேமா சால்வையும் சாமந்தி மாலையும் கொண்டுவந்தாள். இளம் பேராசிரியர் எரிபெர்த்தோ கையில் சோளக் கதிர்கள். லுஹான் ஒரு சப்பாத்திக்கள்ளி மடல்.

“முள்ளு எடுத்தாச்சா?” என்றாள் நெரெய்தா.

“முள்ளு இல்லாம என்னம்மா அடையாளம்?”

காமிரா முக்காலியில் நின்றது. அதிலிருந்து நீண்ட குழாயின் ரப்பர் குமிழ் அவள் கையில். அதை அமுக்கினால் படம் விழும். மூவரும் அவள் வயிற்றைச் சுற்றிக் குனிந்தார்கள்.

“சோளத்த நகத்துப்பா, சால்வை தெரியல,” என்றாள் சுலேமா.

“சோளம்தான் அக்கா நம்ம ஆதி.”

“வீட்ல நீ திங்கிறது மைதா ரொட்டிதானே?”

கடைசியில் வயிறு முழுக்க மூடிப்போய், தொப்புள் மட்டும் மூச்சுவிட இடம் கேட்டுக்கொண்டிருந்தது. “இப்பத்தான் உடல் பேசுது,” என்றார் லுஹான். அவள் அமுக்கினாள். அவர்கள் திருப்தியாகப் போனார்கள்.

ஆனால் அவள் கழுவி எடுத்துக் கொடுத்தது அந்தப் படத்தை அல்ல. எதையும் போர்த்துவதற்கு முன்பே ஒரு தடவை அமுக்கியிருந்தாள். நடுவில் தழும்பும் மடிப்புமாக முழு வயிறு. சுற்றிலும், எதை எங்கே வைப்பது என்று குனிந்து சண்டை போடும் மூவர். எல்லாவற்றுக்கும் முன்னால், விளக்கு வெளிச்சத்தில், லுஹானின் வழுக்கை.

“இத ஒத்துக்குவாங்களாடி?” என்றேன்.

“அவங்களே படத்துல இருக்காங்க கொமாத்ரே. எப்படி வேணாம்பாங்க?”

குழு வெகுநேரம் பார்த்தது. “என் கை நல்லா விழுந்திருக்கு,” என்று சுலேமா கை தூக்கினாள். “குழுவோட உழைப்பு தெரியுது,” என்று எரிபெர்த்தோவும் தூக்கினான். மூன்றில் இரண்டு, படம் தேறிவிட்டது.

லுஹான் அவளைத் தனியே கூப்பிட்டார்.

“எல்லாம் சரிம்மா. அந்த வழுக்கைய மட்டும் கொஞ்சம் சரிபண்ணிடலாமா?”

“வேணாம் டாக்டர். ஒண்ண சரிபண்ணா இன்னொண்ணு கோவிச்சுக்கும்.”

திறப்பு விழாவில் படம் வாசலுக்கு நேரே தொங்கியது. பக்கத்தில் நின்று, உடலை மறைக்காதிருப்பதன் துணிவைப் பற்றி லுஹான் முக்கால் மணி நேரம் பேசினார், தலையில் வைத்த தொப்பியைக் கழற்றாமல்.