நோவாவின் மனைவிக்கு ஒரு வசனம்

வேண்டிய சரக்கை வேண்டாதவன்போலப் பார்க்க வேண்டும். விற்க வேண்டிய சரக்கை முதலில் காட்டக் கூடாது. கொசுறு என்று எல்லோரும் கூப்பிடுகிறவன், மற்ற பாடங்களில் எல்லாம் கோட்டைவிட்டாலும், இந்த இரண்டில் மட்டும் முதல் மாணவன். அப்பா ஜவுளிக்கடைக்காரர். ஆள் வந்து உட்கார்ந்ததும் கண்ணைப் பறிக்கும் துணி ஒன்றை எடுத்து விரிப்பார். விலையைக் கேட்டவருக்கு விக்கல் வரும். "ஐயோ, வேண்டாங்க" என்று அவர் பின்வாங்கியதும், மனம் ஒடிந்தவர்போல அதை மடித்து வைத்துவிட்டு, உண்மையில் தள்ளிவிட நினைத்ததை அடியிலிருந்து உருவுவார். ஒன்றை மறுத்த மனிதனுக்கு இரண்டாவதை மறுக்கக் கூச்சம். அந்தக் கூச்சத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

அப்பாவும் கடையும் போன பிறகும் வித்தை போகவில்லை. சினிமாவுக்கு வசனம் எழுதப் புறப்பட்டபோது கொசுறு அதையும் மூட்டை கட்டிக்கொண்டு போனான். எந்தக் கதை எழுதினாலும் வெட்டுப்படுவதற்கென்றே ஒரு காட்சி வைப்பான். தயாரிப்பாளர் அதை வெட்டித் தன் வீரத்தைக் காட்டிக்கொள்வார், மற்றது பிழைத்துக்கொள்ளும். கேளாமலே ஒரு காட்சி எப்போதும் கூடுதலாக வருவதால்தான் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

இந்தத் தடவை அந்த வித்தையை அவன் அக்காவுக்காகக் கையில் எடுத்தான்.

அக்கா துணை நடிகை. சினிமா வட்டாரத்தில் அவளை 'அழுகாச்சி அக்கா' என்பார்கள். படத்தில் யார் செத்தாலும் பிணத்தின் தலைமாட்டில் முதலில் உட்காருகிறவள் அவள்தான். எத்தனையோ கதாநாயகர்களுக்கு அழுதிருக்கிறாள். ஒருவனிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பா போன பிறகு கொசுறுவைப் படிக்க வைத்தது அந்தக் கண்ணீர்தான்.

இப்போது ஒரு வேளை வந்தது. மரக்கடை முதலாளி ஒருவர் படம் எடுக்க வந்தார். கிறிஸ்தவ வேதத்தில் வரும் ஜலப்பிரளயக் கதை: நோவா என்பவர் பேழை என்ற பெரிய மரக்கப்பல் கட்டி, குடும்பத்தையும் ஜோடி ஜோடியாக மிருகங்களையும் ஏற்றிக் காப்பாற்றிய கதை. எடுக்கக் காரணம் பாதி பக்தி, மீதிப் பாதி அவருடைய கிடங்கில் விலைபோகாமல் கிடந்த பலகை.

"பேழைக்கு மரம் நம்ம கடையில கிடக்கு. தண்ணி வானத்துல கிடக்கு. கதை வேதத்துல கிடக்கு. அப்புறம் காசு எதுக்குய்யா ஆகப் போகுது?" என்றார் முதல் நாளே.

நோவாவாக நடிக்கப் பெரிய நடிகர் கிடைத்துவிட்டார். மனைவிக்குத்தான் ஆள் இல்லை. வேதத்தில் அந்த அம்மாளுக்குப் பெயரும் கிடையாது, பேச்சும் கிடையாது. படம் முழுக்க ஊமையாக நின்று கோழிக்குத் தீனி போட எந்த நடிகை வருவாள்? கொசுறு அக்காவின் பெயரைச் சொன்னான். டைரக்டர் தலையாட்டினார், தலையாட்டுவதற்கென்றே வாங்கி வந்த கழுத்து அவருக்கு. ஆள் முடிவானதும் கொசுறு யாரிடமும் சொல்லாமல் அந்தப் பெயரில்லாத அம்மாளுக்கு ஒரு காட்சி எழுதினான். அக்காவிடம் மட்டும் வாக்குக் கொடுத்தான்: "வாயைத் திறந்து பேசற சீன். முழுசா ஒண்ணு. உனக்கு."

அக்கா வீட்டு அடுக்களையில் ஒத்திகை நடந்தது. பேழையின் கதவு மூடியாகிவிட்டது. வெளியே மழை. நனைகிற கூட்டத்தில் ஒரு குரல் நோவாவின் மனைவிக்குத் தெரிந்த குரல். அவள் தம்பியின் குரல். அவள் பலகையில் காதை வைத்துக் கேட்கிறாள். பிறகு கணவன் பக்கம் திரும்புகிறாள். அக்கா வெங்காயம் அரிந்துகொண்டே திரும்பினாள்.

"பல்லிக்குக்கூட ஜோடி தேடினீங்க. என் கூடப் பொறந்தவனுக்கு ஒரு மூலை கிடைக்கலையா?"

கொசுறு நோவாவாகப் படித்தான். "கதவை நான் சாத்தலைம்மா. கர்த்தர் சாத்தினார்."

"நீங்க சாத்தலைன்னா, நீங்க தெறக்கலாமே."

கத்தி நின்றது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, இருவரும் எழுந்திருக்கவில்லை. அதற்குமேல் நோவாவுக்கு வசனம் இல்லை. எழுதியவனுக்கே கிடைக்கவில்லை, பாவம் அவர் என்ன செய்வார்?

"இந்த இடத்துல அழட்டுமாடா?"

"அழாதேக்கா. ஊருக்கெல்லாம் அழுதாச்சு. இங்க அழாம கேளு."

"அழாம நடிக்கறதுக்கு எனக்கு யாருமே சம்பளம் குடுத்ததில்லைடா" என்று சிரித்து, புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "இந்த வெங்காயத்தை மொதல்ல அந்தப் பக்கம் வை. ஆமா, இதை வெட்டிட மாட்டாங்களே?"

"அதுக்கு வழி வச்சிருக்கேன்."

வழி என்று அவன் சொன்னது ஒரு குரங்கு. பேழைக்குள் நோவாவின் மனைவி தலையில் போட்டிருக்கும் துணியைக் குரங்கு பறித்துக்கொண்டு ஓடுகிறது, அவள் துரத்துகிறாள், யானைச் சாணியில் வழுக்கி விழுகிறாள், மகன்களும் மருமகள்களும் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். தேநீர் ஆறுவதற்குள் எழுதி முடித்துவிட்டான். குரங்குக்கும் குரங்காட்டிக்கும் ஆகும் செலவைக் கேட்டாலே முதலாளிக்குக் காய்ச்சல் வரும், அதை வெட்டுவார், வெட்டிய திருப்தியில் கதவுக் காட்சியைத் தொடமாட்டார். விரிப்பதற்கு இதைவிடக் கண்கூசும் துணி அகப்படாது என்று தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டான்.

பேரம் மரக்கடையில் நடந்தது. வெளியே ரம்பம் கத்திக்கொண்டிருக்க, மரத்தூள் படிந்த மேஜையில் காகிதங்களை வைத்து முதலாளி படித்தார். டைரக்டர் ஓரமாக உட்கார்ந்து தலையைத் தயாராக வைத்திருந்தார். குரங்கு வரும் பக்கம் வந்தது.

முதலாளியின் வயிறு குலுங்கியது. பிறகு நாற்காலி குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு இருமினார்.

"யோவ், யானைச் சாணியில விழறாளா? நோவா பொண்டாட்டியா?"

"கொஞ்சம் அதிகமாப் போச்சு முதலாளி. எடுத்துடலாம்."

சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணாடி மூக்கில் ஏறியது. அதன் வழியாகப் பார்த்தது படத் தயாரிப்பாளர் அல்ல, மரக்கடைக்காரர்.

"ஏன் எடுக்கணும்?"

"குரங்கு, அதை ஆட்டறவன், சாப்பாடு, வண்டி... வீண் செலவு."

"என் செலவுக்கு நீ ஏன்யா அழறே? அழறதுக்குத்தான் உங்க அக்கா இருக்காங்களே." டைரக்டர் சிரித்தார். "காலம் பூரா மரம் வாங்கி விக்கறவன் நான். ஒருத்தன் ஒரு கட்டையை மட்டும் பின்னால தள்ளி, அது பூச்சி அரிச்சதுங்கன்னு சொன்னான்னா, அதுதான் வைரம் பாஞ்ச கட்டை. விக்க மனசில்லாத சரக்குதான் நல்ல சரக்கு. இதை எந்தக் கம்பெனிக்கு ஒளிச்சு வைக்கறே? குரங்கு இருக்கட்டும்."

முதலாளி பக்கத்தைத் திருப்பினார்.

"இது என்ன, கதவு சீன்?"

அந்த இடத்தில் வாயைத் திறந்து, 'இது எனக்கு வேணும் முதலாளி' என்று சொல்லியிருக்க வேண்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஆனால் அவன் வாய் கடையில் வளர்ந்த வாய். ஆசையைக் காட்டினால் விலை ஏறும் என்றே பழகிய நாக்கு, அவனைக் கேட்காமல் தானே புரண்டது.

"அதுவா? அது சும்மா ரெண்டு பக்கம். இருந்தா இருக்கட்டும்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"நீயே சும்மாங்கறே. அப்ப எதுக்கு? பேரே இல்லாத பொம்பளைக்கு ஒரு சீன் போதாதா?" காகிதத்தின் மேல் பேனாவால் ஒரு குறுக்குக் கோடு இழுத்தார்.

"இல்லை முதலாளி, யோசிச்சுப் பாத்தா அது இருந்தாத்தான் கதைக்கே..."

"பாத்தியா! குரங்கு கையைவிட்டுப் போச்சுன்னதும் இதுக்கு வெல ஏத்தறே. ஜவுளிக்கடைப் புள்ளையில்ல நீ! எனக்கேவா துணி விரிக்கறே?" முதலாளி உற்சாகமாகத் தொடையைத் தட்டினார். பேரம் சூடு பிடித்துவிட்டது என்று நினைத்தார். இனி கொசுறு எதைச் சொன்னாலும் அது ஒரு விலை. உண்மையைச் சொன்னாலும் உண்மை விலைக்குப் போகாது. அக்கா என்ற சொல் தொண்டைவரை வந்தது. கெஞ்சுகிறவன் கையில் இருப்பதையும் விட்டுவிட்டுத்தான் போவான் என்ற அப்பாவின் குரலும் கூடவே வந்தது. இரண்டும் ஒன்றையொன்று நெருக்கி அங்கேயே நின்றுவிட்டன. டைரக்டர் தலையாட்டினார்.

அக்காவிடம் அவன் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டான். நடுவில் முதலாளியைத் தனியாகப் பிடித்துப் பேசிவிடலாம் என்றும் ஒரு நினைப்பு. முதலாளி எதிரில் வந்தபோதெல்லாம் படப்பிடிப்புக்குக் குழாயில் வரவழைக்கும் மழையைப் பற்றிப் பேசினான்.

குரங்குக் காட்சியை ஊருக்கு வெளியே இருந்த வெற்றுக் கிடங்கில், மரவாசம் மாறாத பேழைக்குள் எடுத்தார்கள். அக்கா விழுந்தாள். குரங்கு சரியில்லை என்று மறுபடி விழச் சொன்னார்கள். வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு தரம். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை விழுகிறவள்போலவே திகைத்து விழுந்தாள். விளக்குப் பிடிப்பவர்கள்கூடக் கைதட்டினார்கள். முடிந்ததும் தண்ணீர்க் குழாயடியில் கணுக்காலைக் கழுவிக்கொண்டே, "நல்லா விழுந்தேனாடா?" என்றாள்.

"நல்லா விழுந்தேக்கா."

"இதையும் எனக்காகவா எழுதினே?"

"உனக்காகத்தான்."

பொய் இல்லை. அதுதான் தொந்தரவு.

"கதவு சீன் என்னிக்குன்னு கேட்டுச் சொல்லு. அன்னிக்கு முடியைப் பின்னாம வரணும். கதவு மூடி ரொம்ப நேரம் ஆன மாதிரி இருக்கணும்ல?"

"கேக்கறேன்" என்றான்.

கேட்கவில்லை. அடுத்த வாரம் உடுப்புகளைத் திருப்பிக் கொடுக்க வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். அன்றே கதவுக் காட்சியை எடுப்பார்களோ என்று அக்கா முடியைப் பின்னாமல் வந்தாள். கிடங்கு வாசலில் லாரி நின்றது. பேழையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், பலகைகளை வீடு கட்டுகிறவர் ஒருவருக்கு முதலாளி முன்கூட்டியே பேசி முடித்திருந்தார். நாலு பேர் தூக்க, அந்தப் பெரிய கதவு படுத்தவாக்கில் வெளியே வந்து லாரியில் ஏறியது.

"கதவு போகுதேடா" என்றாள் அக்கா.

கொசுறு பதில் தேடுவதற்குள் அவள் நேராக முதலாளியிடம் போய்விட்டாள். அவளுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. அப்பா கடையில் அவள் வியாபாரத்துக்கு உட்கார்ந்ததில்லை.

"ஐயா, அந்தக் கதவு சீன் எடுக்கலையா? நான் வசனமெல்லாம் பாடம் பண்ணிட்டேன்."

முதலாளி ஆணி எண்ணுவதை விட்டு நிமிர்ந்தார். "எந்தக் கதவு? ஓ, அதுவா! அது சும்மான்னு உங்க தம்பிதானேம்மா சொன்னாரு. ஏன், உங்களுக்கு வேண்டியிருந்துச்சா?" அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது. "மொதல்லயே ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அரை நாள் வேலை. கதவும் இருந்துச்சு, மழையும் இருந்துச்சு. இப்ப பேழையே போச்சேம்மா."

திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னலோரம் அக்கா, பக்கத்தில் அவன். பாதி வழியில் அவள் கேட்டாள்.

"சும்மாதானாடா அது?"

"இல்லக்கா."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

அவன் சொன்னான். குரங்கை, விரிப்பை, பின்னால் தள்ளிய கட்டையை, அப்பாவை. சொல்லச் சொல்ல, அந்தக் கெட்டிக்காரத்தனம் அவனுக்கே சகிக்கவில்லை. அக்கா முடியைக் கையால் அள்ளி முடிந்துகொண்டாள்.

"அப்பா விரிச்சதெல்லாம் வந்தவங்களுக்குடா. நமக்குத் துணி எடுக்கறப்ப அவர் விரிச்சதே இல்லை. புது மூட்டை பிரிச்சதும், இது எம் பொண்ணுக்குன்னு சத்தமாச் சொல்லி எடுத்து வச்சுடுவார். கடை ஆளுங்க அதுல கைவைக்க மாட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். நாலு திட்டுத் திட்டியிருந்தால் அவன் அன்றிரவு தூங்கியிருப்பான்.

படம் ஓடியது. பிரளயத்தைவிடக் குரங்குக்குக் கூட்டம். தியேட்டரில் அக்கா விழும்போது ஜனம் எழுந்து நின்று சிரித்தது. கொசுறு மட்டும் உட்கார்ந்து மேலே சத்தம் போட்டுச் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தான். கதவு மூடுகிற இடம் ஒரு நொடியில் கடந்துபோனது. உள்ளே அக்கா கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள்.

தெருவில் பிள்ளைகள் அவளைப் பார்த்தால் "குரங்கக்கா!" என்று கூப்பிட்டார்கள். அவளும் நின்று பல்லைக் காட்டிவிட்டுப் போனாள். பழைய பெயர் அழிந்தது, வேலை பெருகியது. பூனையோடு ஒன்று, வாத்துக் கூட்டத்தோடு ஒன்று. முதலாளியே அடுத்த படத்துக்கு அழைத்தார். "தம்பி, கெட்டிக்காரன்யா நீ" என்று கொசுறுவின் முதுகில் தட்டினார். "எங்க பிடிச்சே அந்தக் குரங்கை?"

ஒரு மாலை கொசுறு அக்கா வீட்டுக்குப் போனான். அடுக்களை மேஜை துடைத்துச் சுத்தமாக இருந்தது. இத்தனை நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஒன்றைக் கேட்டான்.

"அக்கா, அந்தக் கதவு சீனை ஒரு தரம் சொல்லேன். நான் மட்டும் கேக்கறேன்."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மறந்துபோச்சுடா."

யார் யாருக்கு எந்தெந்தப் படத்தில் எப்படி அழுதோம் என்பதை விக்கல் உட்பட ஞாபகம் வைத்திருக்கிறவள். கொசுறு தலையைக் குனிந்துகொண்டான்.

"பரவாயில்லை, வந்ததுக்கு ஒரு உபகாரம் பண்ணு. நாளைக்கு ஷூட்டிங். கழுதை பின்னாலேருந்து என்னைக் கடிக்க வருது. அது எப்பக் கத்தும்னு தெரியாம எனக்குப் பயம் சரியா வரமாட்டேங்குது." காகிதத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, சுவரோரம் போய் முதுகைக் காட்டி நின்றாள். "நீதான் கழுதை. ம், ஆரம்பி."

கொசுறு காகிதத்தைப் பார்த்தான். கழுதைக்கு வசனம் என்ன இருக்கப்போகிறது?

அவன் கத்தினான். அக்கா சரியான இடத்தில் பயந்தாள்.

"இன்னொரு தரம்" என்றாள்.