சூசைத்திட்டுக்குப் போகும் வழி

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்த ஒரு சீனர் வீட்டுத் துக்கத்துக்குள் என் மாமனார் அழைக்காமலே நுழைந்த அன்றுதான், இந்த மனிதரை வீட்டில் சும்மா உட்கார வைக்க முடியாது என்று எனக்கு உறைத்தது.

ஐந்தாம் மாடி மிஸ்டர் டானின் அப்பா இறந்துவிட்டார். கீழே வெள்ளைக் கூடாரம், வட்ட மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள். காலை நடைக்குப் போன மாமனார் அதைப் பார்த்திருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போய், மிஸ்டர் டானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "மனசத் தேத்திக்குங்க" என்று தமிழிலேயே சொல்லியிருக்கிறார். மிஸ்டர் டான் அழுதுவிட்டாராம். பிறகு இவரை உட்கார வைத்து வேர்க்கடலையும் பாக்கெட் பானமும் கொடுத்து, கிளம்பும்போது ஒரு சிவப்பு நூலும் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கோயில் கயிறு போல மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மாமா, அது தீட்டுக் கழியக் குடுக்கிறது, வழியிலயே போட்டுட்டு வரணும். வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாது லா," என்றேன்.

"துக்க வீட்ல குடுத்தத எப்படி மாப்பிள்ள குப்பையில போடறது?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

மாமனார் தனசேகரன் தமிழ்நாட்டில் ஆற்றங்கரைத் தொகுதி ஒன்றில் ஐந்து வருடம் எம்.எல்.ஏ. அவருடைய அரசியலே துக்க வீட்டு அரசியல்தான். கல்யாணம், காதுகுத்துக்கெல்லாம் ஆள் அனுப்புவார். சாவு என்றால் எந்தக் கட்சி, எந்தத் தெரு என்று பார்க்காமல், எடுப்பதற்குள் தானே போய் நிற்பார். எங்கள் நிச்சயதார்த்தத்துக்குக்கூட எங்கேயோ துக்கம் கேட்டுவிட்டு, குளித்த ஈரத் தலையோடுதான் ஓடி வந்தார். இங்கே காத்தோங்கிலிருந்து போயிருந்த என் யாழ்ப்பாணத்துப் பெரியம்மா, "சம்பந்திக்கு வெளியில மழையோ?" என்று கேட்டது இன்னும் எங்கள் வீட்டில் நகைச்சுவை.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு சாவுக்குப் போகாமல் விட்டார். ஆற்றுக்கு நடுவில் சூசைத்திட்டு என்று ஒரு ஊர். பாலம் கிடையாது, படகுதான். பாலம் கட்டித் தருகிறேன் என்று இவர் கொடுத்த வாக்கு மண் பரிசோதனையோடு நின்றுபோனது. கொரோனா வருஷத்து மழைக்காலத்தில் அங்கே மரியசூசை என்ற பெரியவர் இறந்தபோது ஆற்றில் வெள்ளம். இவர் போகவில்லை. அடுத்து வந்த தேர்தலில் திட்டு மொத்தமும் இவருக்கு எதிராகக் குத்தியது. இவர் தோற்றதும் ஏறக்குறைய அந்தத் திட்டின் வாக்கு அளவு வித்தியாசத்தில்தான்.

அதன் பிறகு வீட்டுக்கு ஆட்கள் வருவது குறைந்தது. அத்தையும் காலமான பிறகு, என் மனைவி திவ்யதர்ஷினி அப்பாவை ஆங் மோ கியோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். வந்ததிலிருந்து மனிதர் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருந்தார். லிஃப்டில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போடுவார், நடைபாதையில் எரியாத விளக்கை நின்று அண்ணாந்து பார்ப்பார், பெருமூச்சோடு உள்ளே வந்து தொலைக்காட்சியைப் போடுவார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

இப்போது மறுபடி தேர்தல் நெருங்கியது. போன வாரம் மாவட்டச் செயலாளர் கூப்பிட்டு, "நீங்களே நில்லுங்கண்ணே, திங்கக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க" என்றார். இவர் "வேற ஆளப் பாருங்க" என்று வைத்துவிட்டார்.

"நல்லதுப்பா. போதும் உங்க பாலிடிக்ஸ்," என்றாள் திவ்யா. அவளுக்கு அப்பா பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கும் அவர் இருப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் போனை வைத்த பிறகும் அவர் கை அதை விட்டு நகரவில்லை என்பதை நான் பார்த்தேன். ஆசை இருக்கிறது, எதுவோ பிடித்து இழுக்கிறது என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை. கார்த்திகைக்கு அகல் விளக்கு வாங்க லிட்டில் இந்தியா போக வேண்டும். "நான் வரல மாப்பிள்ள, ஞாயித்துக்கிழமை கூட்டமா இருக்கும்," என்றார். வாழ்நாள் முழுக்கக் கூட்டத்தைத் தேடி அலைந்த மனிதர் பேசுகிற பேச்சா இது? வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போனேன். என் தொப்பியை வாங்கி மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டார். டோபி காட் நிலையத்தில் ரயில் மாறும்போது, "நான் இங்கயே உக்காந்திருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க" என்று இன்னொரு முறை நழுவப் பார்த்தார்.

"யாருக்கு மாமா பயப்படுறீங்க?"

"நம்ம தொகுதிப் பசங்க இருப்பாங்க," என்றார்.

விளக்கு வாங்கிக்கொண்டு ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் திரும்பினோம். திடலில் ஊரிலிருந்து கட்டுமான வேலைக்கு வந்த பையன்கள் கூட்டம் கூட்டமாகப் புல்லில் உட்கார்ந்து, பொட்டலச் சாப்பாடும் வீடியோ காலுமாக இருந்தார்கள். மாமனார் தலையைக் குனிந்துகொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். தொப்பி முகத்தை மறைத்தது, நடையை மறைக்கவில்லை. ஒரு ஆள் எழுந்து வந்து முன்னால் நின்றார். நாற்பது வயது இருக்கும், வெயிலில் கருத்த முகம்.

"நீங்க தனசேகரன் எம்.எல்.ஏ தானே?"

"எம்.எல்.ஏ இல்ல தம்பி. அது அப்ப."

"நான் சூசைத்திட்டு. பேரு இயேசுதாசன். மரியசூசை மவன்."

அடி விழப் போகிறது என்றே நினைத்தேன். மாமனார் விளக்குப் பையை என்னிடம் கொடுத்தார். தொப்பியைக் கழற்றினார். செருப்பையும் கழற்றினார். அந்த ஆளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அப்பா போயிட்டாரே தம்பி," என்றார்.

ஐந்து வருடம் கழித்து. அத்தனை பேர் நடுவில். இயேசுதாசன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். மாமனார் விடவில்லை. அப்படியே புல்லில் உட்கார்ந்து அவரையும் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"என்ன செஞ்சுது அவருக்கு? ரொம்ப நாள் படுத்திருந்தாரா? கடைசியா உங்கிட்ட பேசினாரா?"

துக்க வீட்டில் எல்லோரும் கேட்கிற கேள்விகள்தான். இயேசுதாசனுக்கு முகம் கோணிக்கொண்டு போனது.

"பேசலங்கய்யா. அப்ப கொரோனா. டார்மிட்டரிய விட்டா சைட்டு, சைட்ட விட்டா டார்மிட்டரி. அடக்கத்த போன்ல தான் பாத்தேன். குழியில எறக்கும்போது லைன் கட்டாயிருச்சு. மறுநா வேலைக்குப் போயிட்டேன். இன்னிய வரைக்கும் ஒருத்தரும் கையப் புடிச்சு இப்படிக் கேக்கலய்யா."

அவ்வளவு பெரிய ஆள் குலுங்கிக் குலுங்கி அழுதார். மாமனார் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்.

அழுது ஓய்ந்ததும் இயேசுதாசன் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "நான்தான்யா இங்கேருந்து திட்டு முழுக்கப் போன் போட்டேன். உங்களுக்கு ஓட்டுப் போடாதீங்கன்னு."

"சரியாத்தான் சொல்லியிருக்கே."

"ஏன்யா வரல? வெள்ளமுன்னு சொல்லாதீங்க. எங்க மாமா நீந்தித்தான் வந்தாரு."

மாமனார் தரையைப் பார்த்தார். தொப்பியை மடித்தார், பிரித்தார். "எனக்கு நீச்சல் தெரியாது தம்பி."

நானே இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

"மாலையோட இக்கரையில நின்னேன். படகுக்காரரு முடியாதுன்னுட்டாரு. என் பக்கத்துல நின்னவன்லாம் தொபுக்கு தொபுக்குன்னு குதிச்சுப் போறான். ஆத்தங்கரை எம்.எல்.ஏவுக்கு நீச்சல் தெரியாதுன்னா ஊரே சிரிக்குமேன்னு, வேற ஜோலி இருக்கிற மாதிரி வண்டியில ஏறிட்டேன். மால வண்டியிலயே வாடிப்போச்சு. தண்ணி வடிஞ்சப்புறமாவது வந்திருக்கணும். வெக்கமா இருந்துச்சு. நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டேன்."

கூட இருந்த பையன் ஒருவன் முதலில் பக்கென்று சிரித்தான். அடுத்தவனும் சிரித்தான். கடைசியில் இயேசுதாசனே கண்ணீரோடு சிரித்துவிட்டார்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா, நாலு பேரு வந்து தோள்ல தூக்கிட்டுப் போயிருப்போமேய்யா!"

"அது தோணலையே தம்பி."

"மறுபடி நிக்கிறீங்களா?"

மாமனார் தொப்பியை மறுபடி மடிக்க ஆரம்பித்தார்.

"நின்னா ஓட்டுப் போடச் சொல்லுவேன்னு மட்டும் நெனைக்காதீங்க. எங்களுக்குப் பாலம் வேணும். ஆனா நின்னாலும் நிக்கலனாலும் எங்கம்மாகிட்ட ஒரு தடவ வந்து இதே மாதிரி கேளுங்க. அது இன்னும் உங்க மேல கோவமாத்தான் இருக்கு."

திரும்பும்போது மாமனார் தொப்பி போடவில்லை. டோபி காட் நடைமேடையில் நின்றபடியே மாவட்டச் செயலாளரைக் கூப்பிட்டார். சுற்றிலும் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். இத்தனை மாதமாக இந்தக் குரல் எங்கே போயிருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"நிக்கிறேன்யா. ஆனா மொத நாளு சூசைத்திட்டு. மேளம் வேணாம், கொடி வேணாம். ஒரே ஒரு மால மட்டும் வாங்கி வை."

திவ்யா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. விளக்கு வாங்கப் போன இடத்தில் அப்பாவைத் தொலைத்துவிட்டு வந்தேனாம். மூன்றாம் நாள் கடைக்குப் போய் நீச்சல் கால்சட்டை ஒன்று வாங்கி வந்து அவர் முன்னால் பொத்தென்று போட்டாள். மாமனார் அவளிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவள் கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

இப்போது ஊருக்குக் கிளம்பும் வரை தினமும் காலையில் ஆங் மோ கியோ நீச்சல் குளம். சின்னப் பிள்ளைகளின் குளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கழுத்தில் சங்கிலி, மணிக்கட்டில் வெளுத்துப்போன சிவப்பு நூல். நான் சொல்லிக் கொடுத்தால் மாப்பிள்ளை முன்னால் கூச்சப்படுகிறார். தினமும் அங்கே நீந்த வருகிற மிஸ்டர் டான்தான் இரண்டு கைகளையும் அவர் வயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டு, "கிக் அங்கிள், கிக்!" என்று கத்துகிறார். இவரும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே உதைக்கிறார்.

"மாமா, பாலம்தான் கட்டப் போறீங்களே. இந்த வயசுல இது தேவையா?" என்று கரையிலிருந்து கேட்டேன்.

தலையைத் தூக்கி, வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினார்.

"பாலம் வர்றதுக்கு அஞ்சு வருஷம் ஆகும் மாப்பிள்ள. அது வரைக்கும் திட்டுல யாரும் சாகாம இருப்பாங்களா?"

மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி முகத்தைத் தண்ணீருக்குள் விட்டார்.